பழைய லேபைச் சரிசெய்வதா, புதிதாகக் கட்டுவதா? (சாட்ஸ்வர்த்தில் ஒரு பள்ளி)

சாட்ஸ்வர்த்_அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பெயர் வேண்டாம். அங்கே நிர்வாகக் குழுவில் நான் பெற்றோர் பிரதிநிதி. நிறவெறி ஆட்சியின் இந்திய விவகாரத் துறை நம் இந்தியப் பள்ளிகளை நடத்திய காலத்துச் செங்கல் கட்டடம் அது, இரண்டு அறிவியல் லேப் உண்டு. ஒன்றில் இப்போது உடைந்த மேஜைகளும் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளும் கிடக்கின்றன. இன்னொன்றில் வகுப்பு நடக்கிறது, ஆனால் கரும்பலகை வகுப்புதான். கேஸ் குழாயை எப்போதோ அடைத்துவிட்டார்கள். சிங்க்குகளில் பாதியில் தண்ணீர் வராது, வருகிற பாதி ஒழுகும்.

ஆனால் அறிவியல் துறை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. பத்தாம் வகுப்பில் பிசிக்கல் சயின்ஸ் எடுப்பவர்கள் முன்பெல்லாம் ஒரு பிரிவு, இப்போது மூன்று பிரிவு. லைஃப் சயின்ஸுக்கு ஒரு ஆசிரியரை நிர்வாகக் குழுவே சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்கள், நாங்கள் பிரியாணி டிக்கெட் விற்றுச் சேர்த்ததும் இருக்கிறது.

முதல்வருக்குப் புதுக் கட்டடம் வேண்டும். "அறிவியல் மையம்" என்று பெயர், ஸ்மார்ட் போர்டு, வாசலில் கொடுத்தவர்கள் பெயர் பொறித்த கல். துறைத் தலைவி டீச்சர் அதெல்லாம் வேண்டாம் என்கிறார், இருக்கிற இரண்டையும் சரிசெய்து கொடுங்கள், பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போடுங்கள், போதும் என்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள், ஆனால் இந்தப் பேச்சு எடுத்தால் கூட்டம் இரவு பத்து மணிக்கும் முடிவதில்லை. அடுத்த கூட்டத்துக்குள் நான் ஒரு பக்கம் சேர வேண்டும். லேப் நடத்திப் பழகியவர்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

கிளேர்வுட்_வாத்தியார்:

தம்பி, உங்கள் முதல்வரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் கட்டுவது நம்மவர்களின் ரத்தத்தில் இருக்கிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு இங்கே யாரும் தட்டில் வைத்துப் படிப்பைக் கொடுக்கவில்லை. நேட்டாலில் (நம் மாகாணத்தின் அன்றைய பெயர்) அரசு உதவி பெறும் இந்தியப் பள்ளி என்றால், கட்டடச் செலவில் சமூகம் ஒரு பவுண்டு போட்டால் அரசு ஒரு பவுண்டு போடும் என்ற கணக்கு. அப்படியும் இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பிளாட்டூன் முறையில் பிள்ளைகள் படித்தார்கள். சாஸ்திரி கல்லூரி 1929இல் திறந்ததும் நம் மக்கள் கொடுத்த பணத்தில்தான், இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி கேட்டுக் கொடுத்தது. 1936 முதல் நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையர் அல்லாதவர்களுக்கு நடத்திய தனி வகுப்புகளும் அதே கட்டடத்தில் நடந்தன. ஆனால் சயின்ஸில் பட்டம் வேண்டும் என்றவர்களில் பலர் கேப் பக்கம் இருக்கும் ஃபோர்ட் ஹேர் கல்லூரிக்குத்தான் போனார்கள். 1961இல்தான் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன பாசறையில், இந்தியருக்கென்று ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. துறைமுகத்தில் படகேறிப் போய்ப் படித்தார்கள்.

சரி, கதையை விடுகிறேன். இதில் உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். அன்று நாம் கட்டினோம், ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தது. அதனால் கட்டடத்துக்கு நிதி திரட்டுவது நமக்குக் கைவந்த கலை, கட்டியதை வருடா வருடம் நடத்தப் பணம் ஒதுக்குவது இன்றுவரை வரவில்லை. இன்றைக்கும் கல்வெட்டுக்கு ஆயிரம் பேர் கொடுப்பார்கள். கண்ணாடிக் குடுவை வாங்க ஒருவரும் கொடுக்க மாட்டார்கள்.

அப்புறம், உங்கள் பள்ளியில் இரண்டு லேபுக்கும் நடுவே ஒரு சின்ன அறை இருக்கிறதா? தயாரிப்பு அறை, ரசாயனங்களை வைத்துக் கலக்கும் இடம். அது என்ன கதியில் இருக்கிறது என்று பாருங்கள், மீதியை அதுவே சொல்லிவிடும்.

சாட்ஸ்வர்த்_அப்பா:

இருக்கிறது ஐயா. பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒரு பதில்.

வெருலம்_கெமிஸ்ட்ரி_டீச்சர்:

சாவி தொலைந்த லேப் என்றாலே எனக்குப் படம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் மதுரைக்காரி. அங்கே கொஞ்ச காலம் மேல்நிலைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே வந்தவள், அதனால் இரண்டு ஊரையும் வைத்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூவுக்கு செய்முறைத் தேர்வு உண்டு. முன்பு 200க்கு 50 மதிப்பெண், இப்போது 100க்கு 20. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். உப்புப் பகுப்பாய்வுக்கு ஒரு உப்பு கொடுப்பார்கள், அது என்ன என்று பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் கையெழுத்து இல்லாவிட்டால் உள்ளேயே விட மாட்டார்கள். அந்த முறையில் ஆயிரம் குறை, பாதிப் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டு வருவார்கள், அதுவும் உண்மை. ஆனால் அந்தத் தேர்வு இருப்பதாலேயே பள்ளியில் லேப் உயிரோடு இருந்தாக வேண்டும், அதற்கென்று லேப் அசிஸ்டென்ட் ஒருவர் இருந்தாக வேண்டும். எங்கள் பள்ளியில் இருந்தவருக்கு எந்த அலமாரியில் எந்தப் பாட்டில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஹெட்மாஸ்டருக்குப் பயப்படாத ஆசிரியர்கள்கூட அவருக்குப் பயப்படுவோம்.

இங்கே மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில், பிசிக்கல் சயின்ஸுக்கு இரண்டு தாள், இயற்பியல் ஒன்று, வேதியியல் ஒன்று, ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 150 மதிப்பெண். செய்முறைத் தேர்வு கிடையாது. பாடத்திட்டத்தில் கட்டாயப் பரிசோதனைகள் இருக்கின்றன, பன்னிரண்டாம் வகுப்பில் உந்தம், எஸ்டர், டைட்ரேஷன் (அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது), பேட்டரியின் அக மின்தடை. அவை பள்ளி மதிப்பீட்டில் சேர்கின்றன, மொத்தத்தில் அந்தப் பங்கு 25 சதவீதம், அதற்குள்ளேயே டெஸ்ட், அரையாண்டு எல்லாம் அடக்கம். பரிசோதனையைப் பிள்ளைகள் செய்தார்களா, ஆசிரியர் முன்னால் நின்று செய்துகாட்டினாரா, அதுவும் இல்லாமல் போர்டில் அளவுகளை எழுதிப்போட்டு கிராஃப் மட்டும் வரையச் சொன்னாரா, வெளியே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. நான் பார்த்த பள்ளிகளில் மூன்றாவதுதான் அதிகம். ஆசிரியர் சோம்பேறி என்று அர்த்தமில்லை. ஒரு நாளில் ஆறு பீரியட் எடுக்கிறவர் எந்த நேரத்தில் கரைசல் கலப்பார், எப்போது குடுவை கழுவுவார்?

அதனால் என் ஓட்டு உங்கள் துறைத் தலைவிக்கு. ஆள் முதலில், குழாய் அடுத்து, கட்டடம் கடைசியில்.

டோங்காட்_கோடர்:

எல்லோரும் அடிக்க வருவீர்கள், இருந்தாலும் கேட்கிறேன். டீச்சர் அக்கா சொன்னதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். தேர்வில் செய்முறை இல்லை. அப்படியென்றால் பெற்றோர் பணத்தை லேபில் போடுவது யாருக்கு லாபம்? கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, சர்க்யூட் கட்டலாம், அமிலம் காரம் கலக்கலாம், ஒன்றும் உடையாது, யாருக்கும் சுடாது. அந்தப் பணத்தில் முப்பது டேப்லெட்டும் சனிக்கிழமை டியூஷனும் வைத்தால் ரிசல்ட் ஏறும். நான் படித்த பள்ளியில் லேபே கிடையாது, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் போட்டே டிஸ்டிங்ஷன் வாங்கினேன், இன்ஜினியரிங்கும் முடித்தேன்.

வெருலம்_கெமிஸ்ட்ரி_டீச்சர்:

தம்பி, அடிக்க வரவில்லை, நீ சொல்வதில் பாதி சரி. ஃபெட் நானும் பயன்படுத்துகிறேன், மின்சுற்றில் எலக்ட்ரான் ஓடுவதைக் கண்ணால் காட்ட வேறு வழியே இல்லை.

மற்றப் பாதிக்கு வருகிறேன். தேர்வுத் தாளை எடுத்துப் பார், ஒவ்வொரு வருடமும் ஒரு பரிசோதனையை விவரித்துவிட்டுக் கேள்வி வரும்: ஆய்வு வினா என்ன, எந்த மாறியைக் கட்டுப்படுத்தினார்கள், ஏன் அந்த மின்தடையைச் சேர்த்தார்கள். செய்யாத பிள்ளை இதையும் மனப்பாடம் செய்யும், "வெப்பநிலை" என்று எழுதும், ஏனென்றால் போன வருட விடையில் வெப்பநிலை இருந்தது.

ஒரு உதாரணம். டைட்ரேஷனில் சிமுலேஷன் எப்போதும் சரியான விடை தரும். நிஜ பியூரெட்டில் (அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) நுனியில் காற்றுக் குமிழி இருக்கும், அது நடுவில் வெளியே வந்தால் ரீடிங் கூடிவிடும். புனலை எடுக்க மறந்தால் அதிலிருந்து சொட்டும். ரோஜா நிறம் வந்துவிட்டது என்று நிறுத்தினால் ஆட்டியதும் மறையும். நாலு பிள்ளைகள், நாலு ரீடிங், எது சரி என்று அவர்களே சண்டை போட்டு முடிவுக்கு வர வேண்டும். என் வகுப்பில் பிள்ளைகள் தங்கள் அளவை நம்பலாமா என்று யோசிக்கக் கற்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். பல்கலைக்கழக முதலாண்டில் நம் பிள்ளைகள் லேபில் கை நடுங்கி நிற்பதைப் பார்த்தவள் நான், ஏழு டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளையும் அதில் அடக்கம்.

செலவையும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் லேப் என்றால் லட்சக்கணக்கில் என்று நினைக்கிறார்கள். ஆக்சாலிக் அமிலம் 0.05 மோலார், சோடியம் ஹைட்ராக்சைடு 0.1 மோலார் (ஆக்சாலிக் அமிலம் ஒன்றுக்கு ஹைட்ராக்சைடு இரண்டு, அதனால்தான் இந்தப் பாதி). 36 பிள்ளைகள், நாலு நாலு பேராக ஒன்பது குழு, குழுவுக்கு மூன்று முறை, முறைக்கு 25 மில்லி. ஒவ்வொரு கரைசலும் 675 மில்லிதான் செலவு, கழுவ எடுப்பதையும் சேர்த்து ஒரு லிட்டர் தயார் செய்தால் தாராளம். அந்த ஒரு லிட்டருக்கு ஆக்சாலிக் அமிலப் படிகம் 6.3 கிராம், ஹைட்ராக்சைடு 4 கிராம். டீ போடும் செலவுகூட ஆகாது. செலவு பியூரெட்டிலும் தராசிலும்தான், அவை ஒருமுறை வாங்குவது. எங்கள் பள்ளியில் தடுக்கி விழுவது இவற்றில் இல்லை, அந்த ஒரு லிட்டரைக் காலை ஏழு மணிக்கு யார் கலந்துவைப்பது என்பதில்தான்.

டோங்காட்_கோடர்:

அக்கா, குமிழி விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் லோட் ஷெடிங்கை, அந்த முறைவைத்த மின்வெட்டை, மறந்துவிட்டீர்கள். 2023 மாதிரி இன்னொரு வருடம் வந்தால் வேகம் அளக்க ரிப்பனில் புள்ளி போடும் உங்கள் டிக்கர் டைமர் என்ன செய்யும்? அதற்கு மெயின்ஸ் வேண்டுமே.

வெருலம்_கெமிஸ்ட்ரி_டீச்சர்:

அதில் உன் கட்சிதான் நான். டிக்கர் டைமர் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, புள்ளிக்குப் புள்ளி 0.02 விநாடி. மின்சாரம் போனால் வெறும் காகித ரிப்பன். போனில் வீடியோ எடுத்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் அதே வேலை நடக்கும், டிராலியும் அளவுகோலும் இருந்தால் போதும். உந்தப் பரிசோதனையை நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அக மின்தடைக்கு மின்சாரமே தேவையில்லை, செல், மாற்றக்கூடிய மின்தடை, இரண்டு மல்டிமீட்டர். மின்னோட்டத்துக்கு எதிராக மின்னழுத்தத்தை வரைந்தால் கோட்டின் சாய்வு அக மின்தடையைக் கொடுத்துவிடும். இவ்வளவையும் ஒரு சாதாரண மேஜையில் செய்யலாம். புதுக் கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

லெனேசியா_கணக்கு:

நான் எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் பொருளாளர், அறிவியல் தெரியாது, ரசீது தெரியும். அதனால் பணத்தைப் பற்றி மட்டும்.

முதலில், அரசு கட்டித்தரும் என்று காத்திருக்காதீர்கள். 2013 நவம்பரில் பள்ளிக் கட்டமைப்புக்கான குறைந்தபட்ச விதிகள் வந்தபோது பத்து வருடத்துக்குள் நூலகமும் லேபும் என்று போட்டிருந்தார்கள், அதாவது 2023 நவம்பர். அந்த நாள் வந்தது, போனது. 2024இல் விதிகளைத் திருத்தியபோது காலக்கெடுவையே எடுத்துவிட்டார்கள். 2001இல் தொடங்கிய டினாலேடி திட்டத்தில் கணிதம், அறிவியலுக்கென்று தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்குத் தனிப் பணம் வந்தது, இப்போது அது கணிதம் அறிவியல் தொழில்நுட்ப மானியத்துக்குள் போய்விட்டது. சாட்ஸ்வர்த் பள்ளி என்றால் பெரும்பாலும் நாலாம் ஐந்தாம் குவின்டைல் (வறுமையை வைத்துப் பள்ளிகளை ஐந்தாகப் பிரித்ததில் வசதியான பக்கம்), கட்டணம் வாங்கும் பள்ளி. அரசு ஒதுக்கும் பணம் தலைக்குக் கொஞ்சம்தான். தண்ணீர், மின்சாரம், போட்டோகாப்பி, அதோடு முடிந்தது. நியாயத்தைச் சொன்னால், டவுன்ஷிப்பிலும் கிராமத்திலும் கழிப்பறைக்கே காத்திருக்கும் பள்ளிகள் இருக்கும்போது வரிசையில் நாம் முன்னால் நிற்க முடியாது.

அடுத்தது, பழைய மாணவர்கள் கொடுக்கும் பணத்துக்கு 18ஏ என்ற வரிச்சலுகைச் சான்றிதழ் கொடுக்க உங்கள் பள்ளி வரித் துறையான சார்ஸில் பதிவு செய்திருக்கிறதா? அது இருந்தால் கொடுப்பவர்கள் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாத பள்ளிக்கு ஒருமுறை கொடுப்பவர், இருக்கிற பள்ளிக்கு மாதாமாதம் கொடுப்பார். நான் கண்ணால் பார்த்தது.

மூன்றாவதுதான் முக்கியம். கட்டடத்துக்கு என்று வாங்கிய பணத்தைக் கட்டடத்தில்தான் போட முடியும், அப்புறம் ஆள் சம்பளத்துக்கு எடுத்தால் சண்டை. ஆகவே கேட்கும்போதே பிரித்துக் கேளுங்கள். "இது லேப் உதவியாளரின் மூன்று வருடச் சம்பளம், இது குழாய், இது கண்ணாடிச் சாமான்." எங்கள் பள்ளியில் முன்பு ஒரு கம்ப்யூட்டர் அறை திறந்தோம், நாடா வெட்டினோம், கேக் வெட்டினோம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இப்போது அங்கே பால்ரூம் டான்ஸ் பயிற்சி நடக்கிறது. டான்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறு.

சாட்ஸ்வர்த்_அப்பா:

18ஏ கேள்வியே படவில்லை அக்கா, இன்றே கேட்கிறேன். ஆள் போடுவதில் ஒரு சிக்கல்: அரசு ஆசிரியர் ஒதுக்கீட்டில் லேப் உதவியாளர் என்று ஒரு இடம் எங்களுக்குக் கிடையாது. 2020 கடைசியில் தொடங்கிய அரசின் இளைஞர் வேலைத் திட்டத்தில் ஒரு பெண் வந்தாள், பி.எஸ்சி. முடித்தவள், அவள் இருந்த மாதங்களில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட நுண்ணோக்கி தொட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தது, போய்விட்டாள்.

லெனேசியா_கணக்கு:

அவளையே தேடிப் பிடியுங்கள்! முழு நேரம் முடியாவிட்டால் அரை நேரம். வேலையில்லாப் பட்டதாரி டர்பனில் எத்தனை பேர் வேண்டும் உங்களுக்கு?

மவுண்ட்_எட்ஜ்கம்_கெமிஸ்ட்:

சர்க்கரை ஆலை லேபில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். எல்லோரும் நல்லதையே சொன்னீர்கள், ஒருவரும் அந்தப் பூட்டிய அறையைப் பற்றிக் கேட்கவில்லையே. எனக்கு அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை.

அப்பா, அந்தப் பூட்டை உடைக்கும்முன் இதைப் படியுங்கள். பல வருடம் பூட்டிக் கிடந்த பள்ளி ரசாயன அறையில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிக்ரிக் அமிலம் ஒரு பாட்டில் இருந்தால், மஞ்சள் படிகமாகக் காய்ந்திருந்தால், தொடாதீர்கள், மூடியைத் திருகாதீர்கள், அசைக்காதீர்கள். ஈரமாக இருக்கும்வரை அது சாது, காய்ந்துவிட்டால் வெடிமருந்து, மூடியின் உராய்வே போதும். கதவைச் சாத்திவிட்டுப் போலீஸின் வெடிபொருள் பிரிவைக் கூப்பிடுங்கள். பழைய ஈதர் பாட்டிலும் அப்படித்தான், உள்ளே பெராக்சைடு சேர்ந்திருக்கும். எண்ணெயில் போட்ட பொட்டாசியம் மேலே மஞ்சள் பொருக்கு தட்டியிருந்தால் அதையும் வெட்டிப் பார்க்க வேண்டாம். உடைந்த தெர்மாமீட்டர்களின் பாதரசம் டிராயர் இடுக்கில் உருண்டுகொண்டிருக்கும், அதை வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சினால் ஆவியாகி அறை முழுக்கப் பரவும். கம்பி வலை மேல் வெள்ளையாக ஒட்டிய பழைய தட்டுகள் அஸ்பெஸ்டாஸ். 2008லேயே நாட்டில் தடை செய்தாகிவிட்டது, ஆனால் அலமாரிக்கு அது தெரியாது.

இன்னொன்று, பல பள்ளிகளில் பாட்டில்களை அகரவரிசையில் அடுக்கி வைப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். அசிட்டோனுக்குப் பக்கத்தில் அமிலமும், நைட்ரிக் அமிலத்துக்குப் பக்கத்தில் எரியும் பொருளும் வந்து நிற்கும். அமிலம் தனி, காரம் தனி, எரிவது தனி, ஆக்சிஜன் கொடுப்பது தனி. கனமான பாட்டில்கள் கீழ்த்தட்டில், எல்லாவற்றுக்கும் அடியில் தட்டு. வேண்டாதவற்றைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், காசு வாங்குவார்கள். அந்தக் காசை உங்கள் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுதுங்கள், பெயிண்டுக்கும் ஸ்மார்ட் போர்டுக்கும் முன்னால்.

கிளேர்வுட்_வாத்தியார்:

இவர் சொல்வது நூற்றுக்கு நூறு. பழைய காலத்தில் பாட ஆய்வாளர் வந்தால் முதலில் ஸ்டாக் ரிஜிஸ்டரைத்தான் கேட்பார், எத்தனை கிராம் வாங்கினாய், எத்தனை கிராம் மிச்சம் என்று. அந்த ஆட்சியை நான் ஒரு நாளும் மெச்ச மாட்டேன், நம்மைத் தனியாகப் பிரித்து ஓரத்தில் வைத்த ஆட்சி அது. ஆனால் ரிஜிஸ்டர் என்ற பழக்கத்தை அதோடு சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்க வேண்டாம்.

ஃபீனிக்ஸ்_லைஃப்சயின்ஸ்:

எல்லோரும் கெமிஸ்ட்ரியையே பேசுகிறீர்கள், எங்கள் பாடத்துக்கும் ஒரு வார்த்தை. லைஃப் சயின்ஸ் எடுக்கும் பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் அதிகம், எங்கள் பள்ளியிலாவது. வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்க்க ஒரு வகுப்புக்கு நாலு நுண்ணோக்கி, அதில் இரண்டுக்கு லென்ஸில் பூஞ்சை. டர்பன் ஈரக்காற்றில் மூடாமல் வைத்தால் அப்படித்தான் ஆகும். புதிது வாங்குவதற்கு முன் உறையும் சிலிக்கா ஜெல்லும் வாங்கி வையுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீரை நம்புவதை விட்டுவிட்டோம். லேபைச் சரிசெய்யும்போது கூரையில் ஒரு ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) போட்டு லேபுக்குத் தனிக் குழாய் இழுங்கள். கண் கழுவத் தண்ணீர் இல்லாத நாளில் அமிலத்தைத் திறக்கவே கூடாது.

டோங்காட்_கோடர்:

எனக்கு ஒரு சந்தேகம். நுண்ணளவு கெமிஸ்ட்ரி கிட் என்று ஒன்று கேள்விப்பட்டேன், விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ராட்மாஸ்ட் மையம் செய்தது. பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழி, சொட்டு சொட்டாக ரசாயனம், பிள்ளைக்கு ஒரு கிட். அதை வாங்கினால் லேபே வேண்டாமே? நான் மறுபடி அதே இடத்துக்குத்தான் வருகிறேன், தெரியும்.

வெருலம்_கெமிஸ்ட்ரி_டீச்சர்:

இந்த முறை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறாய். அந்த கிட் நம் நாட்டில் பிறந்தது, யுனெஸ்கோ வழியாக வேறு பல நாடுகளுக்கும் போனது. வீழ்படிவு, அமிலம் காரம், வாயு தயாரிப்பு, மின்பகுப்பு எல்லாம் வகுப்பறை மேஜையில் முடியும், கழிவும் சில சொட்டுதான். எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன், ஏனென்றால் அங்கேதான் பிள்ளைக்கு அறிவியல் பிடிக்குமா பிடிக்காதா என்று தீர்மானமாகிறது, அங்கேதான் லேப் நேரமும் கிடைப்பதில்லை. மெட்ரிக்குக்குப் பெரிய பியூரெட் தனியாக வேண்டும். ஆனால் கிட்டும் தன்னைத் தானே கழுவிக்கொள்ளாது. தட்டு காணாமல் போகும், சொட்டுக் குழாய் காணாமல் போகும், ஒரு வருடத்தில் பாதிப் பெட்டி. மறுபடியும் ஆள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது கசந்தால் கசக்கட்டும். மூன்று பிரிவாக வளர்ந்தது என்று சாட்ஸ்வர்த் அப்பா எழுதினார், சந்தோஷம். மெட்ரிக்கில் அந்த மூன்றும் மூன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பில் சேர்க்கிறார்கள், பதினொன்றில் மார்க் குறைந்தவர்களைக் கணிதத்திலிருந்து எளிய கணக்குப் பாடமான மேத்ஸ் லிட்டரசிக்கும், பிசிக்ஸிலிருந்து டூரிசத்துக்கும் தள்ளிவிடுகிறார்கள், பள்ளியின் தேர்ச்சி சதவீதம் அழகாக இருக்க. எண்பது பேர் எழுதி அறுபது பேர் தேறுவதைவிட இருபது பேர் எழுதி இருபதும் தேறினால் பத்திரிகையில் படம் வரும். துறை வளர்ந்ததா இல்லையா என்பதை மெட்ரிக் ஹாலில் உட்காரும் தலைகளை வைத்துத்தான் நான் எண்ணுவேன்.

சாட்ஸ்வர்த்_அப்பா:

டீச்சர், கேட்டேன். பத்தில் மூன்று, பன்னிரண்டில் ஒன்றரை. முதல்வர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அவரே "இதைக் கூட்டத்தில் சொல்லுங்கள்" என்றார். அவரைப் பற்றி நான் முன்பு எழுதியது கொஞ்சம் காரமாகப் போய்விட்டதோ என்று இருக்கிறது, மனிதர் பிடிவாதக்காரர் இல்லை.

கூட்டம் நேற்று நடந்தது. புதுக் கட்டடம் இப்போதைக்கு இல்லை. குப்பை கிடக்கும் லேபை முதலில் காலி செய்து சரிசெய்வது, அந்தப் பெண்ணை அரை நேரமாக எடுப்பது (தேடிப் பிடித்துவிட்டோம், ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்), எட்டு ஒன்பதுக்கு கிட், 18ஏ பதிவு. பெயர்க் கல்லுக்குப் பதில் லேபின் உள்சுவரில் கொடுத்தவர்கள் பெயரைப் பெயிண்டில் எழுதுகிறோம், வருடா வருடம் கொடுப்பவர் பெயர் மட்டும் இருக்கும். இது லெனேசியா அக்கா சொல்லாமல் சொன்ன யோசனை.

பூட்டிய அறையை நாங்கள் திறக்கவில்லை. மவுண்ட் எட்ஜ்கம் ஐயா, நீங்கள் ஒருமுறை வந்து ஜன்னல் வழியாகவாவது பார்த்துச் சொல்ல முடியுமா? இன்னொரு கேள்வி, பழைய கேஸ் குழாயையே திறந்து பயன்படுத்தலாமா, புதிதாகப் போட வேண்டுமா?

மவுண்ட்_எட்ஜ்கம்_கெமிஸ்ட்:

வருகிறேன். நான் வரும்வரை துப்புரவுப் பணியாளர் உட்பட யாரையும் உள்ளே விடாதீர்கள், அவரிடம் வேறு சாவி இருக்கக்கூடும், கேட்டு வாங்கி வையுங்கள்.

பழைய குழாயை அப்படியே திறக்கக் கூடாது. பதிவு பெற்ற கேஸ் இன்ஸ்டாலர் அழுத்தம் வைத்துச் சோதித்து, இணக்கச் சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டும், அது சட்டம், அது இல்லாமல் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே கம்பிக் கூண்டுக்குள், முழு லேபுக்கும் ஒரே இடத்தில் மூடும் வால்வு ஆசிரியர் மேஜைக்குப் பக்கத்தில். இதற்கெல்லாம் இப்போது பணம் இல்லையென்றால் கேஸை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளுங்கள். எஸ்டர் செய்யச் சுடுநீர்க் குளியல் போதும், எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் இருக்கும் இடத்தில் தீ இல்லாமல் இருப்பதே மேல். ஒரு ஹாட் பிளேட், இரண்டு பீக்கர், வேலை முடிந்தது.

அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், முதல் வாரம் ஒன்றும் கலக்க வேண்டாம், ஒரு ரிஜிஸ்டர் வாங்கி இருப்பதை எழுதட்டும்.

வெருலம்_கெமிஸ்ட்ரி_டீச்சர்:

அவளை ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள், கரைசல் கலப்பதும் லேபிள் ஒட்டுவதும் காட்டித்தருகிறேன். வரும்போது உங்கள் துறைத் தலைவியையும் கூட்டிவரச் சொல்லுங்கள், எங்கள் பீரியட் அட்டவணையைக் காட்ட வேண்டும். லேபுக்கு இரட்டை பீரியட் போடாவிட்டால் 45 நிமிடத்தில் டைட்ரேஷன் முடியாது, இதை ஜனவரி அட்டவணை போடும் முன்னாலேயே முதல்வரிடம் வாங்கிவிட வேண்டும்.